நிலுவை எதுவும் இல்லை

என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், தாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. உட்காரச் சொல்லி, ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, வண்டி நம்பரை மட்டும் கேட்பேன். நம்பரைத் தட்டினால் போதும் மேடம். எந்த ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் போனார்கள், எந்த சிக்னலில் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது படத்தோடு வந்து நிற்கும். அதற்கப்புறம் யாரும் தப்பு செய்யவில்லை என்று சொல்வதில்லை. ஏதோ அவசரம் என்பார்கள். எல்லாருக்கும் ஏதோ ஒரு அவசரம் இருந்திருக்கிறது.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்ட நீங்களும் என்னை உட்காரச் சொல்லி ஃபேனைத் திருப்பி வைத்தீர்கள். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருக்கிறது என் ஆன்லைன் சென்டர். ஆதார், பட்டா, வருமானச் சான்று என்று எல்லாம் எடுத்துத் தருவேன். ஆனால் பரிபூரணம் என்ற பெயரைச் சொல்லி ஆட்கள் தேடி வருவது அபராதச் சலானுக்குத்தான். இங்கே ஒரு பழக்கம் உண்டு. வண்டி வாங்கும்போது போன் நம்பர் கேட்டால் பலரும் என் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் அடிக்கடி சிம் மாற்றுவார்கள், என் நம்பர் மாறாது. அதனால் சுற்றுவட்டாரத்தில் யார் எங்கே மாட்டினாலும் செய்தி என் போனில் வந்து விழும். கூப்பிட்டுச் சொல்வேன். கட்ட வேண்டியதைக் கட்டுவேன், தப்பாக வந்ததற்கு மனுப் போட்டு நீக்குவேன், கோர்ட்டுக்குப் போய்விட்டதை ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அலைந்து முடித்துக் கொடுப்பேன்.

தளவாய்புரம் சங்கிலிப்பாண்டி தன் பைக்குக்கு வந்த சலானை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். "ஏக்கா, சீட் பெல்ட் போடலன்னு வந்திருக்கு. பைக்குல பெல்ட்ட எங்கக்கா மாட்ட? எம் பொண்டாட்டி இடுப்புலயா?"

"மாட்டிப் பாரேன். அவ இழுத்துப் பிடிச்சா வேகமாவது கொறையும்."

ஏதோ ஒரு காருக்குப் போட வேண்டியது, ஒரு எண் மாறி இவனுக்கு வந்துவிட்டது. படத்தை இணைத்து மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் வண்டிக்கான செய்தி வந்தது.

என் வண்டி என்றால் என் பெயரில் உள்ள வண்டி. ஓட்டுவது என் தம்பி கௌதம்ராஜ்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். அவன் பத்தாவது எழுதிய வருஷம் அம்மாவும் போனாள். அந்த வருஷமே மகாராஜபுரத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர். தம்பியை ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம் என்றார். அவர்கள் காபி குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். இதைத் தியாகம் என்று நான் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு அவன் போதும் என்று இருந்தது. அவனுக்கும் நான் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

மில்லில் வேலை கிடைத்ததும் அவனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தேன். அதோடு ஒரு ஹெல்மெட். கருநீல நிறம். தலையில் மாட்டிப் பார்த்து, நாடாவை இழுத்துப் பார்த்து, கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. பின்பக்கம் 'கௌ' என்ற எழுத்தை மஞ்சள் ஸ்டிக்கரில் நானே வெட்டி ஒட்டினேன்.

அன்று அவனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஹெல்மெட் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது. போலீஸ் கை காட்டினால் நிற்கக்கூடாது. "நின்னாத்தானலே சாவியப் பிடுங்குவாவ, கெஞ்சணும். நீ பாட்டுக்குப் போயிரு. போட்டோ எடுத்துச் சலான் போட்டா எனக்குத்தான் வரும். அக்கா பாத்துக்கிறேன்." என் தொழிலில் இருக்கிறவள் சொல்லக்கூடாத யோசனைதான். ஆனால் என் தம்பி நடுரோட்டில் ஒருவர் முன்னால் கை கட்டி நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவனும் ஒருநாளும் நின்றதில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்தபடி போய்விடுவான்.

சங்கிலிப்பாண்டி உட்கார்ந்திருக்கும்போதே படத்தைத் திறந்தேன். இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். அவன் மில்லில் பகல் ஷிஃப்ட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்த நேரம். படத்தில் வெறுந்தலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு பெண். அவள் தலையில் கருநீல ஹெல்மெட்.

"இது நம்ம கௌதமண்ணன்ல்லா? பின்னால யாரு, மதினியா?" சங்கிலிப்பாண்டி எட்டிப் பார்த்தான். "ஏக்கா, எங்களுக்கெல்லாம் சோறு போடாம நிச்சயத்த முடிச்சிட்டியளோ?"

"சொந்தக்காரப் பிள்ளை" என்றேன்.

அவளை எனக்குத் தெரியும் மேடம். ஹெல்மெட்டின் கண்ணாடி மேலே ஏற்றி விடப்பட்டிருந்தது. சேத்தூர் சத்யப்பிரியா. ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். கொஞ்ச நாளைக்கு முன்பு ஸ்கூட்டர் சலான் கட்ட வேண்டும் என்று என் கடைக்கு வந்திருந்தாள். வேலை முடிந்தும் போகவில்லை. நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அக்கா, அக்கா என்று பேச்சுக்குப் பேச்சு சொன்னாள். "அக்கா, ஒங்களுக்குக் கோவமே வராதாமே. வந்தா எப்பிடி இருப்பீங்க?" என்று கேட்டாள். "வந்ததில்லையே, எனக்கே தெரியாது" என்று சிரித்தேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. கௌதமுக்கு இப்படி ஒரு பெண்ணைப் பார்க்கலாமே என்றுகூட நினைத்தேன். என்னை எடைபோட வந்திருக்கிறாள் என்று அப்போது தெரியவில்லை.

சலானை உடனே கட்டினேன். செய்தியை அழித்தேன். சாயங்காலம் அவன் வந்ததும் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"ஷிஃப்ட் எப்பிடிலே இருந்துச்சு?"

"எம்புட்டு வேலக்கா. முதுகு ஒடிஞ்சிபோச்சு."

சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. முதுகு வலிக்கிறதே என்று குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். உண்மையாகவே வலிக்கிற மாதிரி முனகினான். சின்ன வயதிலிருந்து அந்த முதுகை எனக்குத் தெரியும். அதில் ஒரு வலியும் இல்லை.

அதற்கப்புறம் இன்னும் சில சலான்கள் வந்தன. எல்லாப் படத்திலும் அவன் தலை வெறுந்தலை, அவள் தலையில் என் ஹெல்மெட். ஒவ்வொன்றையும் கட்டினேன். அவன் காதலித்தது எனக்குப் பெரிதில்லை. வயசுப் பிள்ளை. பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அவன் உயிருக்கு என்று நான் தேடி வாங்கியதைக் கழற்றி இன்னொருத்தி தலையில் வைத்தானே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த 'கௌ' என்ற எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம், என்னையே கழற்றி அவளிடம் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒருநாள் காலையில் கொல்லையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். "வெள்ளிக்கிழம காலையில போயி முடிச்சிருவோம்" என்றான். மேலும் ஏதோ சொன்னான். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

என்ன முடிப்பார்கள் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருவர் காலையில் போய் முடித்துவிட்டு வருவதற்குக் கோயில் இருக்கிறது, பதிவு அலுவலகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அவன் வண்டியில் கிளம்பிய பிறகு குளித்துச் சாமி கும்பிட்டேன். நேராக ஸ்டேஷனுக்குப் போய், வாசலில் நிறுத்தியிருந்த என் வண்டியைக் காணோம் என்று எழுதிக் கொடுத்தேன். ஏட்டையா சிரித்தார். "என்னம்மா பூரணம், ஊரு வண்டிக்கெல்லாம் ஜாதகம் பாக்குற, ஒன் வண்டியவே காணோமா?"

"எல்லாரும் அப்பிடித்தான் கேப்பாவ. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

உடனே வயர்லெஸ் மைக்கில் எல்லாச் சோதனைச் சாவடிக்கும் சொன்னார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. உரிமையாளர் புகார் கொடுத்தால் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்தார்கள். நான் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

அதற்கப்புறம் அவன் எனக்குப் போன் செய்திருக்கிறான் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. என்ன பேசினீர்கள் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். சாப்பிட வருவாயா என்று கேட்டேன் என்று சொன்னேன். அது பொய்.

அவன் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசினான். "ஏக்கா, முன்னால பேரிகார்டு போட்டு எல்லா வண்டியவும் நிப்பாட்டுதாவ. ஆளு ரொம்ப நிக்கி. திருப்பி, தோப்பு வழியாச் சுத்தி வந்துரவா?"

நான் அடுப்பைக் குறைத்தேன். "ஹெல்மெட் போட்டிருக்கியால?" என்று கேட்டேன்.

பின்னால் அவள் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"போட்டிருக்கேன்க்கா" என்றான்.

மேடம், அந்த இடத்தை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். இல்லக்கா, அவளுக்குக் குடுத்திருக்கேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தோப்பு வழியாகவே வா என்று சொல்லியிருப்பேன். நான் அவனுக்கு ஒரு வழியைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

"பொறவு என்னலே பயம்? எப்பவும் போல நிக்காம வந்துரு. அக்கா பாத்துக்கிறேன்" என்றேன்.

"சரிக்கா. வீட்டுலதான இருக்க? எங்கயும் போயிராத, ஒரு விசயம் சொல்லணும்."

"வா" என்றேன்.

அவன் வேகம் எடுத்ததையும், திருட்டு வண்டி என்று காவலர்கள் குறுக்கே வந்ததையும், அவன் தடுப்பைச் சுற்றி ஒடித்தபோது எதிரே பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி வந்ததையும் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அவன் தலை ரோட்டில் அடித்தது என்றீர்கள். அவளுக்குக் கால் முறிவு, ஹெல்மெட்டில் ஒரு கீறல் என்றீர்கள். கீறலோடு நிற்கும். நல்ல ஹெல்மெட் அது.

வண்டி பிடிபட வேண்டும் என்று புகார் கொடுத்தீர்கள், பிறகு ஏன் நிற்காதே என்று சொன்னீர்கள் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இந்த ஊரில் அதைக் கேட்கிற அளவுக்கு என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவன் நிற்கமாட்டான் என்று தெரியும். விட மாட்டார்கள் என்று தெரியும். தலையில் ஒன்றுமில்லை என்றும் தெரியும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவள் இல்லை நான். சேர்த்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். அவர்கள் அன்று கல்யாணம் செய்துகொள்ளப் போகவில்லையாம். தாலிக்குச் சொல்லி வைத்துவிட்டு, எனக்கு நாத்தனார் சேலை எடுத்துக்கொண்டு, என்னிடம் கேட்கத்தான் வந்துகொண்டிருந்தார்களாம். முதல் முடிச்சு நான் போடுவேன், மீதி ரெண்டும் எங்கக்கா போட்டாத்தான் எனக்குக் கல்யாணம் என்று அவன் சொன்னானாம். கொல்லையில் போனில் பேசியதும் அதுதானாம். ரோட்டில் கிடந்த பையை நீங்கள் மேசைமேல் எடுத்து வைத்தீர்கள். இளம்பச்சைச் சேலை. எனக்கு எடுப்பாக இருக்கும் நிறம்தான். அவனுக்கு அது தெரியும்.

இருக்கலாம். பிழைத்தவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவன் தலையில் இருக்க வேண்டியது அவள் தலையில் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது நான் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பிணவறை வாசலில் கையெழுத்துப் போடக் காத்திருந்தபோது என் போனில் ஒரு செய்தி வந்தது. தடுப்புக்குச் சற்று முன்னால் கேமரா எடுத்த படம். ஹெல்மெட் அணியவில்லை, அதிவேகம். வண்டி ராஜபாளையம் பக்கம், வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வெறுந்தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அதையும் கட்டிவிட்டேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன், கடைசிவரை பார்த்துக்கொண்டேன். நம்பரைத் தட்டிப் பாருங்கள் மேடம். நிலுவை எதுவும் இல்லை.