வலி நின்றதும் கைதட்ட விடாத எங்கள் குதிகால் அம்மாவுக்கு

முடங்கி வந்தோரை முன்னடி எடுத்துவைக்கச் செய்த முதல்வியே! குனிந்து வந்தோரைக் குன்றென நிமிர்த்திய கோமகளே! எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவின் தலைவியே, வருவோரையெல்லாம் குதிகாலில் நிற்கச் சொல்வதால் நோயாளிகள் நாவில் நடமாடும் 'குதிகால் அம்மா'வே! வணக்கம். உங்கள் பாராட்டு விழாவில் இந்த மடலை நாங்கள் வாசித்து முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று முதலிலேயே வேண்டிக்கொள்கிறோம். காரணத்தைப் பிறகு சொல்கிறோம். குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்களுக்கு அது கஷ்டம் என்பது தெரியும்.

இடுப்பில் கிளம்பி, பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாகப் பாதம்வரை சுண்டியிழுக்கும் வலியோடு இந்த முப்பது ஆண்டுகளில் உங்களிடம் வந்தவர்கள்தாம் எத்தனை பேர்! காலில் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தவர்களிடம், "வலி கத்துறது கால்ல, வம்பு நடக்கிறது முதுகுல" என்று சொல்லி, பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் எடுப்பீர்கள். எலும்புகளுக்கு நடுவே மெத்தையாய் இருக்கும் வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை அழுத்துவதைக் காட்டுவீர்கள். கத்திக்குப் பயந்தவர்களிடம், பெரும்பாலோருக்குக் கத்தியே வேண்டாம், நடையும் பயிற்சியும் பொறுமையும் போதும் என்று தெம்பு சொல்வீர்கள். படுத்தே கிடந்தவர்களை மட்டும் விடமாட்டீர்கள். "எந்திரிங்க, கட்டிலுக்கும் கொஞ்சம் ஓய்வு குடுங்க" என்று நீங்கள் அதட்டும்போது, பக்கத்து அறையில் படுத்திருப்பவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

நம் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. "வலி போயிடுச்சு" என்று யார் சொன்னாலும் அறையில் உள்ள அத்தனை பேரும் கைதட்டுவோம். ஒருநாள் ஒரு லாரி ஓட்டுநர், வாரக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர், மனைவியின் தோளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "மேடம், வலி சுத்தமா போயிடுச்சு. கால் மட்டும் லேசா மரத்துக் கிடக்கு." நாங்கள் தட்டினோம், அவர் மனைவியும் சேர்ந்து தட்டினார். உங்கள் முகம் மட்டும் வெளுத்தது.

"கைய நிறுத்துங்க. அண்ணே, குதிகால்ல நில்லுங்க பாப்போம்."

நின்றார். வலது பாதத்தின் முன்பகுதி தரையை விட்டு எழவே இல்லை. திரையை இழுத்துவிட்டு, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேட்டீர்கள். அவர் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "வலியே இல்லங்கிறார், நீங்க ஏம்மா இதெல்லாம் கேக்கறீங்க?" ஓட்டுநரோ தலையைக் குனிந்துகொண்டார். "காலையிலேர்ந்து வரல மேடம். உக்காந்தா உக்காந்த மாதிரியே தெரியல."

வலி நின்றது நரம்பு பிழைத்ததால் அல்ல, காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள் நசுங்கி ஓய்ந்ததால் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்களே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அறுவை அரங்கிற்கு ஓடினீர்கள். "நாளைக்குப் பாக்கலாம்னா நாளைக்கு இவரு கால் இருக்காது" என்று வாசலில் நின்று நீங்கள் போட்ட சத்தம் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. பொழுது சாயுமுன் அறுவை முடிந்தது. மாதங்கள் பிடித்தன, ஆனாலும் அவர் மறுபடியும் லாரி ஓட்டினார். அவர் இப்போது இந்த விழா அரங்கின் வாசலில்தான் நிற்கிறார்.

அன்பின் அரணே! அச்சிட்ட மடல் இத்துடன் முடிந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதும் அதுதான். எழுந்திருக்கக் கூடாது என்று தொடக்கத்தில் வேண்டிக்கொண்டதும் இனி வருவதும் சற்று முன்பு கையால் எழுதிச் சேர்த்தவை.

ஒரு மாதமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த நீங்கள், இன்று படியேறி வருகையில் இடது செருப்பு ஒவ்வொரு படியிலும் தட்டிக்கொண்டே வந்தது. "வலி போயிடுச்சுப்பா, விழா நேரமாப் பாத்து" என்று சிரித்தீர்கள். அறையில் ஒரு கைகூடத் தட்டவில்லை. குதிகாலில் நிற்கச் சொன்னோம். சேலையைச் சரிசெய்வதுபோல் உட்கார்ந்துவிட்டீர்கள். உடனே ஸ்கேனுக்கு அழைத்தோம். "விழா முடியட்டும், சும்மா பயப்படாதீங்க" என்றீர்கள். எந்த நோயாளியையாவது இப்படிச் சொல்ல விட்டிருப்பீர்களா? இதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியாமல் இல்லை, அம்மா. தெரிந்தும் சிரித்தீர்களே, அதுதான் எங்களை நடுங்க வைக்கிறது. தனியாகக் கேட்டால் மழுப்புவீர்கள் என்பதால்தான் ஊரறிய மேடையேறி வாசிக்கிறோம்.

ஸ்கேன் அறையில் மேசை காத்திருக்கிறது, முதுகெலும்பு அறுவை நிபுணருக்கும் சொல்லியாயிற்று. திரையை இழுத்துவிட்டு ஓட்டுநரிடம் நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியை இத்தனை பேர் முன்னால் கேட்க மாட்டோம். போகும் வழியில் செவிலியர் கேட்பார், அவரிடம் மறைக்காதீர்கள். மாலையும் பொன்னாடையும் மேடையிலேயே இருக்கட்டும். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவது அந்த லாரி ஓட்டுநர். வேறு யாரையும் தொட விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்.

நலமே நிறைந்து, நரம்பெலாம் உயிர்த்து, நெடுங்காலம் நீங்கள் நடக்க வேண்டும். அரங்கில் உள்ளோர் யாரும் இப்போது கைதட்ட வேண்டாம். எங்கள் குதிகால் அம்மா இரண்டு குதிகால்களிலும் நின்று காட்டும் நாளுக்காக அதை வைத்திருக்கிறோம்.

கதவைத் திறந்து பிடித்தபடி,
இயன்முறை மருத்துவப் பிரிவின் ஊழியர்கள்