ஊளையிடாத மைக்

பிற்பகல் மூன்று மணி. பேய்க்கு ஏற்ற நேரம் இல்லைதான்... ஆனால் அந்தச் சாலையில் அந்த நேரத்துக்கு ஈ காக்கை இருக்காது. இரண்டு பக்கமும் உயரமான மதில். எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். சாலை முடிகிற இடத்தில் கடைசி வீடு. அதற்கு அப்பால் வெறும் பொட்டல்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நான் சத்தமாகப் பேசப்போவதில்லை.

இது என் நண்பனுடைய அக்கா கணவருக்கு நடந்தது. வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுப்பவர். யாராவது தும்மினால்கூட எத்தனை டெசிபல் என்று சொல்லிவிடுவார். அதனால் எங்களுக்கு அவர் டெசிபல்.

அந்தக் கடைசி வீட்டுக்காரர் கட்டட ஒப்பந்தக்காரர். ஒரு காலத்தில் அவர் செருமினால் நூறு பேர் எழுந்து நிற்பார்களாம். டெசிபல் பார்த்தபோது பக்கவாதம் வந்து வாய் கோணி, பேச்சு போய், சக்கர நாற்காலியில் ஒரு மூட்டை மாதிரி இருந்தார். கண் மட்டும்தான் அசைந்தது. வேலையைப் பற்றிப் பேசியதெல்லாம் அவர் மனைவி. மெலிந்த உடம்பு. அவசரமே இல்லாத பேச்சு.

அடித்தளத்தில் ஒரு பெரிய அறை. பாதியில் தியேட்டர், பாதியில் விளையாட்டு அறை. அதுதான் வேலை.

"கீழ நடக்கிறது மேல கேக்கக் கூடாது" என்றாள்.

"குண்டு வெடிச்சாலும் கேக்காதும்மா."

"நல்லது."

"படம் பாக்க எத்தனை சீட் போடணும்?"

"சீட்டே வேண்டாம். இவர் நாற்காலி நகராம நிக்கிற மாதிரி தரையில ஒரு கொக்கி மட்டும் போட்டுக் குடுங்க."

விளையாட்டுப் பக்கத்துக்கு டேபிள் டென்னிஸ் மேஜை ஒன்று கேட்டாள். வேறு எதுவும் வேண்டாம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருவருக்குக் கை வராது. டெசிபல் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"யாரும்மா ஆடுவாங்க?"

"அதுக்கு ஆள் இருக்கு."

பெரிய வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று அவர் வேலையைப் பார்த்தார். சுவருக்கு உள்ளே பஞ்சுப் பலகை. அதற்கு மேல் துணி. ஓரமெல்லாம் ரப்பர் வைத்த கனமான கதவு. திரை, புரொஜெக்டர், சுற்றிலும் ஸ்பீக்கர்கள். ஆம்ப்ளிஃபயரை மட்டும் அறைக்கு வெளியே, படிக்கட்டுக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்தார். புதுக் கம்பளமும் பசையும் மணக்க வேண்டிய அறை. ஆனால் எத்தனை முறை பெருக்கித் துடைத்தாலும் சிமென்ட் தூசி வாசனைதான் மூக்கில் ஏறியது. தொண்டை கரகரத்தது.

கடைசி வேலை, அளவெடுப்பது. ஆள் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன மைக்கை நிறுத்துவார்கள். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக 'பீப்' என்று கத்தும். மைக் அதைக் கேட்டு, எந்த ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்று கருவி தானே முடிவு செய்யும். அதற்கு அறை மௌனமாக இருக்க வேண்டும். டெசிபல் வெளியே வந்து, கதவைச் சாத்தி, அலமாரியில் இருந்த கருவியின் பொத்தானை அழுத்தினார்.

'அறையில் சத்தம் அதிகம்' என்றது கருவி.

ஏசியை நிறுத்தினார். மறுபடியும் அதே பதில். புரொஜெக்டரை அணைத்தார். அதே பதில். உள்ளே இருந்தது மடித்து வைத்த மேஜையும் மைக்கும் மட்டும்தான்.

மைக் என்னத்தைக் கேட்கிறது என்று பார்க்க ஹெட்போனை மாட்டினார்.

மூச்சு.

சாதாரண மூச்சு இல்லை. உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு கீச்சு... வெளியே விடும்போது இன்னொரு கீச்சு. நடுவே நின்றுபோகும். அவ்வளவுதான் என்று நினைக்கும்போது... மறுபடியும். மைக்குக்கு மிக அருகில், தரையோடு தரையாக.

கதவைத் திறந்து பார்த்தார். யாருமில்லை. சாத்திவிட்டு ஹெட்போனை வைத்தார். மூச்சு.

படியேறி ஓடத்தான் நினைத்தார். ஆனால் அந்த அம்மாள் பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் இறங்கி வந்து ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தாள். வெகுநேரம் கேட்டாள். பயமில்லை. தொலைந்துபோன பிள்ளை வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்த முகம்.

"என் பொண்ணு" என்றாள். "அவளுக்கு வீசிங்."

பிறகு சொன்னாள். பெண்ணுக்கு டேபிள் டென்னிஸ் என்றால் உயிர். பெரிய போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். நாலு பேர் பார்க்கப் பாவாடை பறக்க ஆடுகிறாளா என்று அப்பாவுக்கு ஆத்திரம். மட்டையை ஒடித்துப்போட்டு, கையைப் பிடித்து இழுத்துவந்து, இதே அறையில் தள்ளிப் பூட்டினார். அப்போது இது சிமென்ட் மூட்டை அடுக்குகிற இடம். இன்ஹேலர் மேலே அவள் பையில் இருந்தது.

"தட்டினா. கத்தினா. 'கெடக்கட்டும், புத்தி வரும்'னு இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் இவருக்குச் சாப்பாடு போட்டுட்டு இருந்தேன். தட்டுற சத்தம் எனக்கும் கேட்டுச்சு. கொழம்பு ஊத்தச் சொன்னார்... ஊத்தினேன்."

காலையில் கதவைத் திறந்தபோது, கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் வாயை வைத்தபடி கிடந்தாளாம். உதடெல்லாம் சிமென்ட்.

அவள் ஹெட்போனை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"இந்த மைக்கை எடுக்காதீங்க. இதுல கேக்கிறது எல்லா ஸ்பீக்கர்லயும் வரணும். முழு சத்தத்துல."

"மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே ரூம்ல இருந்தா ஊளையிடும்மா. காது கிழிஞ்சிரும்."

"எனக்கா கிழியப்போகுது?"

இணைத்துக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று நண்பன் பலமுறை கேட்டுவிட்டான். பொத்தானைப் போட்டதும் ஊளை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மூச்சு மட்டும் நான்கு சுவரிலிருந்தும் வந்தது. கம்பளம் அதிர்ந்தது. அந்த அம்மாள் கணவனைச் சரிவுப் பாதை வழியே தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியைக் கொக்கியில் மாட்டினாள். அவர் கண் சுழன்றது. தொண்டைக்குள் மாடு முக்குவது போல ஒரு சத்தம். அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"படம் பாருங்க" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினாள்.

மேலே ஒரு சத்தமும் கேட்கவில்லை. அத்தனை சுத்தமான வேலை.

சில வாரம் போயிற்று. ஒருநாள் மத்தியானம் போன்.

"ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு. அலமாரிகிட்ட ஹெட்போன்ல கேட்டா மூச்சு வரல. டொக் டொக்குனு ஏதோ கேக்குது. வந்து பாருங்க."

போகாமல் இருந்திருக்கலாம். போனார். அதே மூன்று மணி, அதே காலிச் சாலை. படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். கீச்சு இல்லை.

டொக்... டொக். டொக்... டொக்.

கதவைத் திறந்தார்.

புரொஜெக்டரின் வெற்று நீல வெளிச்சம். மேஜை விரித்திருந்தது. கொக்கியில் நாற்காலி காலியாக நின்றது. மேஜையின் இந்தப் பக்கம் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். நின்று... ஆடிக்கொண்டிருந்தார். குச்சிக் கால்கள் வெடவெடக்க, வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருக்க, விழுந்துபோன அந்தக் கை மட்டையோடு எழுந்து எழுந்து பந்தை அடித்தது. வாயோரம் நுரை. கண்ணில் நீர் தாரையாக வழிந்தது.

அந்தப் பக்கம் யாருமில்லை. அங்கே ஒரு மட்டை மேஜைமேல் கிடந்தது, அசையவில்லை. ஆனால் பந்து திரும்பி வந்தது.

அவர் ஒன்றைத் தவறவிட்டார். பந்து மூலைக்கு உருண்டது. ஒவ்வொரு அடியாக இழுத்து இழுத்துப் போய், குனிந்து எடுத்தார். நிமிரும்போது டெசிபலைப் பார்த்தார்.

"போ... போது..." என்றது அந்த வாய். பேச்சு போன வாய்.

டெசிபல் ஒரு காலை உள்ளே வைத்தார். உடனே அறை அமைதியாயிற்று. அந்தக் காலி முனையிலிருந்து... மெல்ல, அவர் பக்கமாகத் திரும்புகிற மாதிரி... ஒரு கீச்சு.

காலை எடுத்துக்கொண்டார். டொக் டொக் மறுபடியும் தொடங்கியது.

பின்னால் அந்த அம்மாள் நின்றிருந்தாள். கையில் ஒரு டம்ளர் பால், தனக்காக ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஓ... அவதானா" என்றாள் நிம்மதியாக. "நான் ஸ்பீக்கர் போயிருச்சோன்னு பயந்துட்டேன். கதவைச் சாத்துங்க. காத்து பட்டா பந்து சரியாப் போகாது."

சாத்தினார். ரப்பர் பொருந்தியது. டொக் டொக் நின்றது... வெளியே மட்டும்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. பல மாதம் கழித்து ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அதே அவசரமில்லாத குரல்.

"இவர் தவறிட்டார். ரெண்டு வருஷம் தரையில படாத காலு, உள்ளங்கால்ல தோலே இல்லையேன்னு டாக்டர் கேட்டார். நான் என்னத்தைச் சொல்றது?"

டெசிபல் போனைக் காதிலிருந்து எடுக்கப்போனார்.

"அதை விடுங்க. நீங்க பல வீட்டுக்குப் போறவரு... உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருந்தா சொல்லுங்க. ஆட்டம் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. எழுந்து நிக்க முடியாதவங்களா இருந்தாலும் பரவாயில்ல. அவ நிக்க வச்சுக்குவா."