கேமராவுக்கு எதற்கு ஊரறிந்த முகவரி?

அவையை ஆளும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த அன்னையரே, கதவோரம் கால்கடுக்க நிற்கும் தம்பிமாரே, கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்!

நம் கட்டடத்துக் கேமராக்கள் அத்தனைக்கும் இணையத்தில் பொது முகவரி வாங்கலாம் என்று இன்று தீர்மானம் வந்திருக்கிறது. வேண்டாம் என்று கேட்கவே மேடையேறினேன்.

பொது முகவரி என்றால் என்ன? உலகின் எந்த மூலையிலிருந்தும் எவனும் வந்து தட்டக்கூடிய கதவு! தனி முகவரி என்றால் என்ன? வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப் பெயர்! வீட்டுக்கு வீடு ஒரு பாப்பா இருக்கிறாள். வீட்டுக்குள் அழைத்தால் ஓடி வருவாள். தெருவில் நின்று "பாப்பா" என்றால் எந்தப் பாப்பா வருவாள்? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இனி நான் சொல்லப்போவது சிரிக்கிற சங்கதி அல்ல.

மூன்றாம் மாடித் தையல்கார அக்காவை அறியாதார் உண்டா? பக்கவாதத்தில் படுத்தவர். மகள் மருத்துவமனையில் தாதி. வேலையில் இருந்தபடியே அம்மாவைப் பார்க்க, பேசக் கட்டிலுக்கு எதிரே ஒலிபெருக்கி வைத்த கேமரா மாட்டினாள். மாட்ட வந்தவர், "பொது முகவரி போட்டுட்டா எங்கேயிருந்தும் பாக்கலாம்மா, சுலபம்" என்றார். சுலபம்தான்! யாருக்குச் சுலபம்?

ஒரு நாள் அந்தக் கேமராவிலிருந்து முகந்தெரியாத ஒரு குரல்: "கையை ஆட்டு, பாப்போம்!" அக்கா ஆட்டினார். மகளோடு வேலை செய்கிறவர்கள் என்று நம்பி ஆட்டினார்! பல குரல்கள் சிரித்தன. மாலையில் மகளிடம் சொன்னார்: "உன்கூட வேலை பாக்குறவங்க பேசினாங்கடி. நாளைக்கு எனக்கு நல்ல துணியா மாத்திவிட்டுப் போ."

மகளோடு வேலை செய்கிறவர்கள் யாரும் பேசவே இல்லை! யாரோ அந்நியர்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள் என்ற உண்மையை அம்மாவிடம் சொல்லி அழுதாள் மகள். இணைய வேலை செய்கிறவன் என்பதால் என்னை அழைத்தாள். பொது முகவரியைப் பிடுங்கிவிட்டுத் தனி முகவரி கொடுத்தேன். என்ன அண்ணே? "அப்ப வெளியே இருந்து எப்படிப் பாக்கிறது" என்கிறீர்களா? மகளுக்கு மட்டும் கடவுச்சொல் கேட்டுத் திறக்கும் ஒரே வாசல் வைத்தேன். போதாதா?

"இனி யாரும் பாக்க முடியாதும்மா, நான் மட்டுந்தான்" என்றாள் மகள்.

"நீயும் பாக்காதே" என்றார் அக்கா. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

இன்றும் அப்படித்தான் படுத்திருக்கிறார். வேலைக்கிடையே கைப்பேசியைத் திறக்கும் மகள் காண்பது தாயின் முதுகை! மூச்சு ஏறி இறங்குகிறதா என்று அந்த முதுகைப் பார்த்தே தெரிந்துகொள்கிறாள். கேமராவின் முகவரியை என்னால் மாற்ற முடிந்தது, அம்மாவின் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

நம் பெண்கள் ஏறும் படிக்கட்டையும், பிள்ளைகள் ஆடும் முற்றத்தையும் அதே சிரிப்புக்குத் திறந்துவிடப் போகிறோமா? இந்தத் தீர்மானத்தைத் தோற்கடியுங்கள். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. இந்த நேரத்திலும் வேலையிலிருக்கும் அந்த மகளின் சார்பிலும் சொல்கிறேன், வணக்கம்.