அசல் பைப்

பழைய ஜீப் ஒன்றை விலை பேசப் போனால் முதலில் பானெட்டைத் திறக்கக் கூடாது, மேடம். குனிந்து அடியில் பார்க்க வேண்டும். மேலே இருப்பதை எவன் வேண்டுமானாலும் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவிடலாம். அடிப்பாகம் அப்படி ஏமாற்றாது. நான் எப்போதும் ஒரு சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் ஸ்டேஷன் முற்றத்தில் நிற்கும் அந்த வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நசுங்கிய முன்பக்கத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சேசிஸ், அதான் அடிச்சட்டம், நேராக இருப்பது தெரிந்திருக்கும். அவ்வளவு உயரத்திலிருந்து உருண்டும் அது வளையவில்லை. இப்போது மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. ஒரு தார்ப்பாயாவது போடச் சொல்லுங்கள் என்று நேற்றே கேட்டேன். உங்கள் ஏட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் செய்வது செத்த ஜீப்புகளை எழுப்பும் வேலை. சேறு, மணல், பாறை என்று சாலையே இல்லாத இடத்தில் ஓடுவதற்காகப் பிறந்த வண்டிகள். என் கூட்டாளி என் மச்சினன். எஞ்சினும் அடிப்பாகமும் என் பொறுப்பு, தகரமும் வயரிங்கும் பெயின்டும் அவன் பொறுப்பு. பட்டறையில் அவனைப் பளபளா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு துருப்பிடித்த போல்ட்டைக் கொடுத்தால்கூட முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்துத்தான் கீழே வைப்பான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை. என் மனைவிக்கு அவன் தம்பி என்பது பேருக்குத்தான். அவர்கள் அம்மா போனபோது அவன் இடுப்புக் குழந்தை. இவள்தான் தூக்கி வளர்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை அவளுக்கு உறைக்காமல் போனது அவனால்தான். நான் எதையும் மறைக்கவில்லை.

இந்த வண்டி ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் கிடந்தது. தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு மரமே வளர்ந்திருந்தது. மரத்தை வெட்டித்தான் வண்டியை வெளியே எடுத்தோம். ஆனால் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒன்றோடொன்று பொருந்தின, அதாவது கம்பெனியில் வைத்த அதே எஞ்சின். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஆயுளில் ஒருமுறை அமைந்தால் அதிர்ஷ்டம். அன்று நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவன் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, “எந்திரிங்க மாமா, எறும்பு கடிக்கப் போகுது” என்றான்.

பெரிய டயர், முன்னால் இழுவைக் கயிறு சுற்றும் வின்ச், மேலே வரிசையாக விளக்கு, இவ்வளவையும் மாட்டிவிட்டால் ஜீப் மலை ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள். கடையில் கிடைக்கிற அலங்காரம் அது. வண்டியின் திறமை பிறவியிலேயே வருவது. எந்த இரும்பில், எந்த எடையில் செய்தார்களோ அப்படியே இருந்தால்தான் அதற்கு நிலத்தின் மேல் பிடி இருக்கும். எஞ்சினை மாற்றினால் கியர்பாக்ஸ் ஒத்துழைக்காது. கியர்பாக்ஸை மாற்றினால் ஆக்சில் உடையும். இப்படியே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் நம்பர் பிளேட் மட்டும்தான் மிஞ்சும். இதை நான் அவனிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

அவன் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்பான், தலையாட்டுவான், பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொல்வான்.

“வண்டிக்கு ஸ்பேர் கிடைக்கும் மாமா. உள்ள உக்கார்றவனுக்கு எங்க போய் வாங்குறது?”

“அந்தக் காலத்துல இதுல போனவன் எல்லாம் செத்தா போயிட்டான்?”

“திரும்பி வந்தவன்தான மாமா உங்ககிட்ட வந்து கதை சொல்லுவான்?”

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனோடு பேசி ஜெயிக்க முடியாது.

நான் காய்ச்சலில் படுத்திருந்த சமயத்தில் அவன் என்னைக் கேட்காமல் பிரேக்கை மாற்றிவிட்டான். அந்தக் காலத்து ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே பைப்பிலிருந்துதான் பிரியும். அந்த ஒன்று விட்டுப்போனால் நாலும் போச்சு. அவன் இப்போதைய கார்களில் இருக்கிற மாதிரி இரண்டு தனி வழியாகப் பிரித்து, புது சிலிண்டரும் புதுப் பைப்புகளும் போட்டிருந்தான். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. நான் அடியில் படுத்துப் பார்த்தேன். என் வீட்டுக்குள் யாரோ வேற்று ஆள் புகுந்து படுத்திருந்த மாதிரி இருந்தது.

“மத்ததெல்லாம் உங்க இஷ்டம் மாமா. ஒரு ஆணிகூட மாத்த மாட்டேன். பிரேக்ல மட்டும் கை வைக்காதீங்க. எனக்கு வாக்கு குடுங்க.”

“சரி மாப்ளே” என்றேன்.

கழற்றிய பழைய பைப்பை அவன் இரும்புக் குப்பையில் எறிந்திருந்தான். நான் அதை எடுத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது பார்த்துவிட்டான்.

“அதை ஏன் மாமா கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? அது டிராக்டர் பைப்பு. சூளைக்காரன் எப்பவோ ஒட்டுப் போட்டது.”

பெயின்டுக்குக் கீழே இருப்பது அவனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பைப்பில் ஒரு வளைவில் துரு உள்பக்கமாகத் தின்றிருந்தது. நகத்தால் அழுத்தினால் அமுங்கியது. அதையும் பழைய சிலிண்டரையும் துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவிதான் சொன்னாள். மலைமேல் விடுதி நடத்துகிற ஒருவர் வண்டியைக் கேட்டிருக்கிறாராம். பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் ‘அசல்’ என்று பித்தளைப் பட்டயம் வாங்கியதும், வேன் எஞ்சின் வைத்து, பவர் ஸ்டீயரிங் வைத்து, ஏசியும் வைத்து, விருந்தாளிகளைச் சவாரி கூட்டிப்போக அவருக்கு மச்சினன் கொடுக்கப் போகிறானாம்.

“அவனே உங்ககிட்ட சொல்ல பயந்துக்கிட்டு என்னைச் சொல்லச் சொன்னான். வண்டியில அவனுக்கும் பாதி இருக்குல்ல? கல்யாணம் காட்சின்னு அவனுக்கும் ஒரு வழி வேணாமா? நீங்க கொஞ்சம் விட்டுக்குடுங்க.”

“நல்லதுதானே” என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். அன்று சாப்பாடு வழக்கம் போலத்தான் இறங்கியது. கைகழுவும்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. அவனும் அந்த வண்டியும், இரண்டில் ஒன்றுதான் முழுசாக இருக்க முடியும். நான் கோபப்படவில்லை, மேடம். கோபத்தில் செய்தவன் என்று எழுதிவிடாதீர்கள். இதுவரை யாரையும் கைநீட்டி அடித்ததில்லை.

பட்டயச் சோதனைக்கு முந்தின நாள் மத்தியானம், தைக்கக் கொடுத்திருந்த சீட் உறைகளை வாங்க அவன் போயிருந்தான். நான் அவன் போட்ட சிலிண்டரையும் பைப்புகளையும் கழற்றிவிட்டு, பழைய சிலிண்டரையும் பழைய பைப்பையும் மாட்டினேன். இந்த ஜீப்பில் பிரேக் சிலிண்டர் கால் வைக்கிற தகட்டுக்குக் கீழே இருக்கும். ஓட்டுகிறவன் கண்ணில் படாது. மெதுவாக மிதித்துப் பார்த்தேன். பெடல் பிடித்தது. அழுத்தி மிதிக்கவில்லை. அவன் திரும்பி வந்து, புது உறைகளை மாட்டி, தூர நின்று பார்த்து, “அக்கா பார்த்தா அசந்துடுவா மாமா” என்றான்.

சோதனை ஒரு கைவிட்ட கல் குவாரியில் நடந்தது. காலையிலிருந்தே வானம் மூட்டம் போட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மண் சொதசொதவென்று கிடந்தது. முதலில் நடுவர் வண்டிக்கு அடியில் படுத்து அசல் சாமான்களைப் பார்ப்பார். பிறகு சரிவில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். இறக்கத்தின் பாதியில் ஒரு வெள்ளைக் கோடு. அங்கே கிளச்சையும் பிரேக்கையும் முழுசாக மிதித்து வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும். அசலாக இருந்தால் மட்டும் போதாது, திறமையும் இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி. நல்ல விதி. ஹேண்ட் பிரேக் அந்த ரக வண்டிகளில் எப்போதுமே பேருக்குத்தான்.

நடுவர் அடியில் படுத்தபடி அந்தப் பைப்பை விரலால் தொட்டுப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரித்தார். “இதைக்கூடவா விடாம வெச்சிருக்கீங்க?” என்றார். பளபளா அந்தப் பக்கம் பானெட்டில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழவில்லை. இத்தனை வருஷ உழைப்பில் என்னை அப்படி ஒருவர் புரிந்துகொண்டது அன்றுதான்.

ஓட்டுவது நான் என்றுதான் பேச்சு. சாவியை அவன் கையில் வைத்தேன்.

“நீ ஓட்டு மாப்ளே. உன் உழைப்பும்தானே.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “நெஜமாவா மாமா? கோவமில்லையே?” என்றான். இல்லை என்றேன். அது உண்மை. என் மனைவி புது உறையைத் தடவிக்கொண்டே அவன் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தம்பியோடு தானும் போவேன் என்றாள். ஒருவரை ஏற்றிக்கொள்ள விதியில் இடமும் இருந்தது. நான் போய் அவள் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன்.

ஏற்றத்தை அவன் அழகாக ஏறினான். நாலு சக்கரமும் மண்ணைக் கவ்விக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். தரைத் தகட்டில் மரம் வளர்ந்து கிடந்த வண்டி அது. உச்சியில் திரும்பி எங்களைப் பார்த்துக் கையசைத்தான். இறக்கத்தில் கோடு வந்ததும் மிதித்திருப்பான். வண்டி நிற்கவில்லை. கிளச்சை விட்டு கியரில் பிடிக்கப் பார்த்திருப்பான், அதற்குள் வேகம் எடுத்துவிட்டது. அவன் கத்தவில்லை. ஹார்ன் மட்டும் விடாமல் அடித்தது. கீழே நின்றவர்களை விலகச் சொல்லித்தான் அடித்திருக்கிறான். பிறகு விளிம்பைத் தாண்டிக் குவாரிப் பள்ளத்துக்குள் போய்விட்டது.

என் மனைவிதான் முதலில் ஓடினாள். நான் மெதுவாக இறங்கிப் போனேன், மண் வழுக்கியது. உயிர் போயிருந்த அவனை வெளியே எடுக்கும்போது நான் சேசிஸைப் பார்த்தேன். அப்போது அதைப் பார்த்தது தவறுதான். பழக்கம்.

உங்கள் வாகன நிபுணர் எழுதியதை இன்று காலை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். வெடித்த பைப் இந்த ஜீப்புடையதே இல்லை என்கிறார். நட்டின் மரை வேறு, அது ஏதோ டிராக்டரிலிருந்து வந்தது என்கிறார். நடுவருக்கும் அது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மல்லாந்து படுத்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பட்டறையில் அது தெரிந்த ஒரே ஆள் அவன்தான். சொன்னான், நான்தான் காதில் வாங்கவில்லை. நீங்கள் வாசித்தபோது நான் தண்ணீர் கேட்டேனே, அது இதற்காகத்தான். இனி அந்த வண்டியில் எது அசல் என்று என்னால் சொல்ல முடியாது. தார்ப்பாய் போட வேண்டாம். நனைந்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பழைய இரும்பு தாங்கும் என்று நம்பித்தான் மாட்டினேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதை நானே நம்பிக்கொண்டும் இருந்தேன். படுத்தால் தூக்கம் வந்தது. என் மனைவி நேற்று இங்கே வந்தாள், பார்த்தீர்கள். அழவில்லை, திட்டவில்லை. அவன் துடைக்கும் துணி ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“வெயில் ஏறுது, இறங்குன்னு சொன்னீங்களே. அன்னிக்கு வெயில் எங்கங்க அடிச்சுது?”

கேட்டுவிட்டு, துணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனி வர மாட்டாள். அவளுக்குச் சொல்லாத பதிலை உங்களிடம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கோட்டருகே அந்தப் பைப் விட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவளை இறக்கினேன். அவனை இறக்கவில்லை.