விளக்கு வைத்த பிறகு

"பிரெஞ்சு படிக்கிறது தப்பில்லமா. பொழுது சாஞ்சப்புறம் படிக்கிறதுதான் தப்பு."

காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் முசரவாக்கம் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது பக்கத்து பெஞ்சிலிருந்து இது கேட்டது. சொன்னவர் ஒரு விவசாயி. கூட இருந்தவள் பி.யு.சி. முடித்த அவர் மகள். மெட்ராஸ் கல்லூரி ஒன்றில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார்கள்.

"பகல்ல எகனாமிக்ஸ், சாயங்காலம் பிரெஞ்சு. ரெண்டும் சேத்துப் படிக்கத்தானேப்பா போனோம்?"

"பிரெஞ்சு கிளாஸ் விட ஏழு மணி ஆவுதாமே. அப்புறம்தான் ஹாஸ்டல்ல சோறாம். நம்ம ஜைனர் வீட்டுல விளக்கு வச்சப்புறம் யார்னா சாப்பிட்டிருக்காங்களா? எகனாமிக்ஸ் மட்டும் எழுதிக் குடுத்துடலாம்."

"நான் ராத்திரி சாப்பிடாமலே இருந்துக்கறேன்பா."

"மூணு வருஷமா? நல்லாருக்குது போ. உடம்பு என்னாவறது? இந்தா, வெளிச்சம் இருக்கும்போதே நீ சாப்டுட்டுக் குடு. பஸ் இப்போ வராது."

தூக்குப் பாத்திரத்தைத் திறந்து நீட்டினார். தயிர்சாதம். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்க்கடைக் கூரையிலிருந்து வெயில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டுமா. சாயப்போவுது."

அவள் கை வைக்கவில்லை. கடைகளில் விளக்கு எரிந்ததும் பாத்திரத்தை மூடினாள்.

"இன்னிலேர்ந்தே பழகிக்கறேன்பா."

அவர் பாத்திரத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். அந்தப் பாத்திரத்தில்தான் அவருடைய சோறும் இருந்தது.