தொண்ணூற்று மூன்று சதவீதம்

கடை ஷட்டருக்கு நீல பெயிண்ட் அடிக்கலாம் என்று சொன்னது டெரன்ஸ் அண்ணன்தான் சார். எனக்குப் பச்சை பிடிக்கும். ஆனால் வீடியோ கடை அவருடையது, கேமரா அவருடையது, வாய் ரொம்பவே அவருடையது. நான் எடிட்டிங் மட்டும் பார்க்கிறவன். பெயர் காசிலிங்கம், சொந்த ஊர் விளாத்திகுளம்.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை வைத்தால் உப்புக்காற்று எதையும் விடாது. எர்த் வயரைத் தின்றுவிட்டது. மழை பெய்தால் ஷட்டரில் கரண்ட் இறங்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றேன். அண்ணன் பெயிண்டரைக் கூப்பிட்டார். அதனால் கடையில் ஒரு வழக்கம். உள்ளே இருப்பவர் மெயினை ஆஃப் செய்து குரல் கொடுத்த பிறகுதான் வெளியே இருப்பவர் ஷட்டரைத் தொடுவார். சாரல் கம்ப்யூட்டரில் அடிக்கும் என்பதால் மழை நாளில் ஷட்டர் இறங்கியேதான் இருக்கும்.

அன்று நல்ல மழை. சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு. மணப்பெண் ஜெப்ஸி, நாசரேத்துக்காரி. கல்யாண வீடியோவை வரவேற்பில் திரையில் காட்டுவதாக, கல்யாணத்தன்றே அண்ணன் மைக்கில் அறிவித்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

அண்ணனின் புதுக் கேமரா வீடியோவை நன்றாக அமுக்கிச் சின்ன ஃபைலாகத் தரும். அதில் அவருக்கு அத்தனை பெருமை. கொண்டுபோகச் சுலபம், கருவாடு மாதிரி. ஆனால் கருவாட்டை ஊறவைக்காமல் குழம்பில் போட முடியுமா? எங்கள் பழைய கம்ப்யூட்டரில் அதை அப்படியே வெட்டப்போனால் மணப்பெண் ஒரு கையைத் தூக்கியபடி நின்றுவிடுவாள். எடிட் செய்யத் தோதான பெரிய ஃபைலாக முதலில் கன்வெர்ட் செய்ய வேண்டும். மணிக்கணக்காகும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. யுபிஎஸ் ஒன்று இருந்தது. தன் மச்சானுடைய மீன்கடையின் பில் மிஷினுக்கு அதை அண்ணன் தூக்கிக் கொடுத்துவிட்டார். இளகிய மனசு சார்.

காலையில் முப்பது சதவீதம் ஓடியிருந்தபோது வந்தார். “ஏலே காசி, மெயின ஆஃப் பண்ணுல.” பண்ணினேன். சார்ஜரை மறந்துவிட்டாராம். மறுபடி ஆரம்பித்தேன். அறுபதில் இருக்கும்போது குடைக்காக வந்தார்.

“இன்னுமால ஊறுது ஒன் கருவாடு?”

“நீங்க வராம இருந்தா ஊறிரும்ணே.”

“பாத்தியா, வாயி மட்டும் வேகமா ஓடுது. கம்ப்யூட்டரையும் ஒன்னயும் சேத்து எடைக்குப் போடணும்ல.”

சிரித்தேன். பாசமாகத்தான் சொல்வார்.

மூன்றாவது முறை வந்தபோது தொண்ணூற்று மூன்று. தெருவில் கணுக்கால் தண்ணீர். புதுச் செருப்பு நனையக் கூடாதென்று கையில் பிடித்திருப்பார், எனக்குத் தெரியும்.

“ஏலே, ஆஃப் பண்ணுல. நனையுதேம்ல.”

யோசித்துப் பாருங்கள் சார். ஏழே சதவீதம். சாயங்காலம் அத்தனை பேர் முன்னால் அண்ணன் தலைகுனியலாமா? அவர் மானம் என் கையில் இருந்தது.

கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் ஏசுவார். “பண்ணியாச்சுண்ணே, தூக்குங்க” என்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. அதைச் சொன்னேன்.

ஷட்டர் கடகடவென்று அதிர்ந்தது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. தொண்ணூற்று நாலு என்று காட்டியது.

எதிர்க்கடை அய்யாக்குட்டி அண்ணாச்சியின் குரல் கேட்டது. “ஏலே காசி, மெயின ஆஃப் பண்ணுல. கையி ஷட்டர்ல ஒட்டிக்கிட்டு துடிக்காருல. உசிரு இருக்குல.”

கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே கேட்டது. ஆனால் இரண்டு தடவை பாதியில் விட்ட வேலை சார். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றாறு. அண்ணாச்சி கத்திக்கொண்டே இருந்தார், பிறகு கத்தவில்லை. ஷட்டரும் அதிரவில்லை.

தொண்ணூற்றெட்டு வந்தபோது அண்ணனைப் போய்ப் பார்க்காமல் இருக்க மனசு கேட்கவில்லை. மெயினை ஆஃப் செய்தேன். ஃபைல் மொத்தமும் போயிற்று. போனால் போகட்டும். வெளியே போக நானும் அந்த ஷட்டரைத் தொட வேண்டுமே. உயிர் முக்கியமில்லையா சார்?