கொடியேற முன் ஒரு கூழ்

நன்னீர் மீன் பிடிக்க அவசரம் உதவாது. இதை நான் அறுபது வயதுக்கு மேல்தான் படித்தேன். அதற்கு முன்பு என் வாழ்க்கை முழுவதும் கடலில்தான். வல்வெட்டித்துறைப் பக்கம் போய் ஆழ்வாப்பிள்ளை என்று கேட்டால் இன்றைக்கும் என் வீட்டைக் காட்டுவார்கள். நீளமான நூலின் நுனியில் தூண்டிலைக் கட்டி, ஓடுகிற படகுக்குப் பின்னால் விட்டு இழுப்பது எங்கள் தொழில். இழுவைத் தூண்டில் என்போம். அறக்குளாவும் சூரையும் படகைத் துரத்தி வந்து கடிக்கும். கடிக்காத மீனை நாங்கள் மீன் என்றே கணக்கெடுப்பதில்லை.

இந்த ஏரியில் மட்டும் நான் அரிவரி வகுப்பு. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் பிள்ளை, எனக்கும் சிரிப்புத்தான். உப்பு அளக்கிற கருவியோடு ஊர்க் கிணறுகளையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் இங்கே வந்து, “இது எப்படி ஐயா நடந்தது?” என்று மரியாதையாகக் கேட்டீர்களே, அது எனக்குப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாளாக ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் பொய் பேசுகிற ஆள் இல்லை. இந்த நிழலில் இருங்கள்.

மனைவி போன பிறகு, மகள் வினோஜா தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். அவள் விரும்பிக் கட்டியது இந்த நெடுந்தாழ்வையில் ஒரு கமக்காரக் குடும்பத்துப் பிள்ளையை. மருமகன் மயூரதன் தங்கமானவர். சம்பந்தி கதிரவேலுவும் நல்ல மனிதர்தான், வாயில் மட்டும் எந்நேரமும் ஒரு நக்கல் இருக்கும். வாழையும் வெங்காயமும் செய்கிறவர். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் செம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். “எப்பிடி எங்கடை தண்ணி?” என்று கேட்பார். இளநீர் மாதிரி இருக்கிறது என்று சொன்னால்தான் கதிரையைக் காட்டுவார்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. கடல்நீர் ஏறுகிற வாய்க்காலுக்கும் ஏரிக்கும் நடுவில் நிற்கின்றன இந்தப் பலகைக் கதவுகள். மாரியில் இவற்றைத் தூக்கி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். மழை ஓய்ந்ததும் இறக்கிவிடுவார்கள். கோடை முழுவதும் அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். ஏரியில் நல்ல தண்ணீர் நிற்கும்வரைதான் கிணற்றிலும் நல்ல தண்ணீர். கோடையில் கதவைத் தூக்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

கதிரவேலுவின் தம்பி கனகரத்தினம் கனடாவிலிருந்து வருகிறார் என்று செய்தி வந்தது. அவரும் அங்கே குளங்களில் படகின் பின்னால் தூண்டில் இழுக்கிறவராம். மத்தியானச் சாப்பாட்டில் அந்தப் பேச்சு எழுந்ததும் சம்பந்திக்கு வாய் ஊறிவிட்டது.

“சம்பந்தியார், கடலிலை மீன் உங்களைத் தேடி வரும். எங்கடை ஏரியிலை நீங்கள்தான் மீனைத் தேடிப் போகோணும். அது கொஞ்சம் கஸ்டம், கண்டியளோ?” என்றார்.

பந்தியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். வினோஜாவும் சிரித்தாள், ஆனால் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அதுதான் எனக்குச் சுட்டது. கடற்கரையிலிருந்து வந்த பெண் என்று இந்த வீட்டில் அவளை ஒருவரும் குறைவாகச் சொன்னதில்லை, அது உண்மை. ஆனாலும் அவள் தகப்பனைப் பார்த்து ஒரு பந்தியே சிரிக்கிறதென்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த ஊர் என்னைத் தங்களில் ஒருவன் என்று சொல்லவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

“தம்பியார் வரட்டும். ஊருக்கே ஒடியல் கூழ் காய்ச்சுவம். மீன் என்ரை பொறுப்பு. இந்த ஏரியிலை, இழுவைத் தூண்டிலிலை பிடிச்ச மீன்,” என்றேன்.

“ஓம், ஓம். கொடியேற முன்னம் பிடிச்சுப்போடுங்கோ,” என்றார் கதிரவேலு.

அங்கேதான் சிக்கல். நல்லூரில் கொடியேறினால் ஊர் முழுக்க மரக்கறிதான், திருவிழா முடியும்வரை மீன்சட்டி அடுப்பேறாது. கனகரத்தினமோ திருவிழா முடிந்த கையோடு விமானம் ஏறுகிறவர். ஆக, கொடியேற்றத்துக்கு முதல்நாள் கூழ் என்று முடிவாயிற்று.

உழவு இயந்திரப் பெட்டியில் என் வள்ளத்தை ஏற்றி வந்து ஏரியில் இறக்கினேன். முதல் நாள் இஞ்சினைப் போட்டுக் கடலில் ஓடுவதுபோல ஓடினேன். ஏரியில் இருந்த பாசி முழுவதும் தூண்டிலில் வந்தது. மீனெல்லாம் மறுகரைக்கு ஓடிவிட்டது என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். அடுத்த நாள் ஒரு பாட்டாச் செருப்பு கடித்தது. பிறகு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டுக் கோலை ஊன்றித் தாங்கிப் போகவேண்டும், மனிதர் நடக்கிற வேகம் போதும், பாசியின் ஓரத்தை ஒட்டி இழுக்கவேண்டும், விரால் அங்கேதான் படுத்திருக்கும். இரைக்கு மினுங்குகிற சாமான் ஒன்றும் வேண்டும். சம்பந்தி அம்மா பூரணத்தின் சீதனத் தேக்கரண்டி ஒன்றை எடுத்து, காம்பை வெட்டி, துளை போட்டுக் கொழுக்கியைக் கட்டினேன். சேவலின் வாலிலும் இரண்டு இறகு பிடுங்கினேன். “ஒரு கரண்டி குறையுது பிள்ளை, காகம் கொண்டுபோச்சோ தெரியேல்லை,” என்று அவர் வினோஜாவிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். காகம் கரண்டியும் எடுக்கும் என்று நானும் சொன்னேன். எடுக்கத்தானே செய்கிறது.

இவ்வளவும் செய்து பிடித்தது ஒரு யப்பான் மீன், திலாப்பியா என்பார்களே, அது. உள்ளங்கை அளவு. கதிரவேலு அதை வாலில் பிடித்துத் தூக்கி, வெயிலுக்கு எதிரே காட்டி, “உது பூனைக்கும் காணாது, சம்பந்தியார்,” என்றார். அன்று மாலை கடைத்தெருவில் நான் போகிற இடமெல்லாம் பூனையைப் பற்றித்தான் கதை.

வினோஜா என்னைத் தனியே கூப்பிட்டாள். “அப்பா, குருநகருக்குப் போய் ஒரு மீனை வாங்கிக்கொண்டு வந்து விடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?”

எனக்கு வந்த கோபத்தை நான் வெளியில் காட்டவில்லை. சந்தை மீனை ஏரி மீன் என்று சொல்லி ஊருக்கு ஊட்டுவதா? இவளை இப்படியா வளர்த்தேன் என்று இருந்தது. இந்த ஏரியில் பிடித்த மீன் என்று சொன்னேன் என்றால், இந்த ஏரியில்தான் பிடிப்பேன்.

பலகையடிக்கு அப்போது காவல் சுபாஸ். நல்ல பொடியன், கலியாணமானவன், கைக்குழந்தையும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் திருவிழாவில் கச்சான் கடை போட்டு வறுத்த கடலை விற்பான். நல்ல இடம் பிடிக்க முன்கூட்டியே போகவேண்டும். கமக்கார அமைப்புக்குத் தெரிந்தால் விடமாட்டார்கள். கதவு தூக்குகிற இரும்புக் கைப்பிடியை என்னிடம் தந்து, “ஐயா, நீங்கள் தண்ணி தெரிஞ்ச ஆள். சும்மா ஒரு கண் வைச்சிருங்கோ. ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ,” என்றான். இன்றுவரை நான் சொல்லவில்லை.

அவன் போன பின்னேரம் நான் இங்கே வந்து, இப்போது நீங்கள் இருக்கிற இடத்தில்தான் இருந்தேன். கடற்பக்கம் பெருக்கு நேரம். பலகைக்கு அந்தப் பக்கம் கொடுவா நின்றன, பிள்ளை. வரிசையாக, மூக்கைப் பலகையில் முட்டிக்கொண்டு. எனக்குத் தெரிந்த மீன், எனக்குத் தெரிந்த வாய். நடுவில் மனிதர் போட்ட நாலு பலகை. கொடுவா நல்ல தண்ணீரிலும் வாழும், அதற்கு உள்ளே வர ஆசை இருந்தது. அதை வரவிடாமல் வைத்திருப்பதும் ஒரு பாவந்தான் என்று எனக்குப் பட்டது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். இரண்டு பலகை. தண்ணீர் உள்ளே பாய்ந்த சத்தம் கடற்கரை வீட்டில் இரவில் கேட்பது போலவே இருந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூழ் நாளன்று காலை வள்ளத்தைக் கோலால் தாங்கி, நடக்கிற வேகத்தில், பாசி ஓரமாகப் போனேன். கனகரத்தினம் கரையில் நின்று கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நூல் விறைத்தது. பிறகு பாய்ந்தது. கையெல்லாம் நூல் அறுத்து இரத்தம் வந்தது, நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். தவழ்கிற குழந்தை அளவு கொடுவா. அதற்குப் பின் இன்னொன்று, அதற்குப் பின் இன்னும் இரண்டு.

“ஏரியிலை கொடுவாவோ?” என்று கதிரவேலு கேட்டார்.

“ஏன் அண்ணை, கொடுவா நல்ல தண்ணியிலையும் வளரும்,” என்று கனகரத்தினமே பதில் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அந்தக் கூழைப் பற்றி இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரிய கிடாரத்தில் மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயிற்றங்காய் எல்லாம் கொதிக்க, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து விட்டார்கள். பனையோலையில் கோலிய பிளா பிளாவாக ஊர் குடித்தது. கதிரவேலு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என் தோளில் கையைப் போட்டார். “இவர் இனி எங்கடை ஆள்,” என்றார், எல்லோருக்கும் கேட்க. வினோஜா நிமிர்ந்து நின்று சிரித்தாள். என் வாழ்க்கையில் அதற்குச் சமமான நாள் ஒன்று இல்லை.

அடுத்த நாள் கொடியேறிவிட்டது. பலகையை இறக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் முழு விரதகாரன். கொடியேறினால் மீன், தூண்டில், வள்ளம், தண்ணீர்க்கரை ஒன்றையும் மனதாலும் தொடமாட்டேன். தகப்பன் காலத்திலிருந்து அப்படி. இந்தப் பலகையடியில் கொடுவாவைப் பார்த்தால் மனம் மீனுக்குப் போகும், விரதம் கெடும். ஆகையால் திருவிழா முடியும்வரை இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. ஊரும் நல்லூருக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தது. முருகன் பேரால் அந்த நாட்களை நான் மிகச் சுத்தமாகக் கழித்தேன்.

தீர்த்தம் முடிந்து வந்து கதவை இறக்கினேன், சுபாஸ் திரும்பியதும் கைப்பிடியை அவனிடம் கொடுத்துவிட்டேன். அதற்குள் விரால் எல்லாம் மிதந்துவிட்டன. வெயில் கடுமை என்று ஊர் சொன்னது, நானும் மறுக்கவில்லை. பிறகு மாடுகள் தொட்டியில் வாய் வைக்காமல் திரும்பின. வாழை இலை ஓரம் கருகியது. கதிரவேலு தன் கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் விட்டு, துப்பாமல், அப்படியே நெடுநேரம் நின்றார். இப்போது தண்ணீர்ப் பவுசர் வருகிறது. பூரணம் கானோடு வரிசையில் நிற்கிறார். வினோஜாவுக்கு இது ஆறாம் மாதம், கால் இரண்டும் வீங்கிவிட்டன. டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். சமையலில் அவளுக்கு ஒரு கல் உப்பும் போடக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் விஷயத்தில் நான் மிகவும் கவனம்.

கமக்கார அமைப்பு கூட்டம் போட்டது. சுபாஸ் கச்சான் கடையில் நின்றதை யாரோ கண்டிருந்தார்கள். அவன் கதவைச் சரியாக இறக்காமல் போனான் என்று முடிவாகியது. அவன் என்னைப் பார்த்தான். என்னில் அவனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை, தான்தான் ஏதோ பிசகு விட்டதாக நம்பினான், அழுதான். இரண்டு பேர் கையை ஓங்கினார்கள். நான்தான் எழுந்து, “பொடியனிலை கை வைக்காதேங்கோ, குழந்தைகுட்டிக்காரன், போகட்டும்,” என்றேன். ஓங்கிய கைகள் இறங்கின. அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஊரை விட்டே போனான். எவ்வளவு பெரிய மனம் என்று எல்லோரும் சொன்னார்கள். காவலும் கைப்பிடியும் அன்றே என்னிடம் வந்தன.

இதை நீங்கள் எழுதவேண்டும் என்றில்லை. கேட்டீர்கள், சொன்னேன். யாருக்கும் கெடுதல் செய்யவேண்டும் என்று நான் நினைத்ததில்லை, அது உங்களுக்கே விளங்கும்.

நேற்றுக் கதிரவேலு இங்கே வந்திருந்தார். நக்கல் எல்லாம் போய்விட்டது, மெலிந்துவிட்டார். என் பக்கத்தில் இருந்து ஏரியைப் பார்த்துக்கொண்டே, “வாழை போச்சுது, சம்பந்தியார். வெங்காயமும் இனி வைக்கேலாது. மனுசருக்கு ஒரு சந்தோசம் வேணும். அந்தக் கூழை இன்னொருக்காக் காய்ச்சுவமே?” என்றார். கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார், நான் எப்படி மாட்டேன் என்பது? உள்ளே வந்த கொடுவாவையெல்லாம் பிடித்து முடித்தாயிற்று. நீங்கள் பயப்படாதீர்கள் பிள்ளை, அன்றைக்கு நான் ஒன்றும் அறியாத புதியவன், இரண்டு பலகை தூக்கவேண்டி வந்தது. இப்போது கை பழகிவிட்டது, ஒன்றே போதும்.